கனவுக்குள் கண்விழிக்க மருந்து உண்டா?

கேள்வி: ஐயா, கனவு கண்டுகொண்டிருக்கையிலேயே "இது கனவு" என்று தெரிந்துவிடும் அனுபவம் எனக்கு இதுவரை இரண்டு முறை வாய்த்திருக்கிறது. இரண்டாம் முறை எங்கள் ஊர் ஏரியின்மேல் பறந்தேன். வேண்டியபோது அதை வரவழைக்க, கேலன்டமைன் மாத்திரை, மெக்சிகோ நாட்டுக் கசப்புத் தழை ஒன்று, பி6 வைட்டமின் ஆகிய மூன்றையும் சேர்த்து உண்ணலாம் என்று விடுதி நண்பர் சொல்லுகிறார். வெளிநாட்டிலிருந்து தருவித்துக் கொடுக்கவும் தயாராக இருக்கிறார். உட்கொள்ளலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத கல்லூரி மாணவர், திருச்சிராப்பள்ளி

பதில்: தம்பி, உங்கள் நண்பர் ஒரே பொட்டலத்தில் கட்டிக் கொடுக்க நினைக்கும் மூன்றில் ஒன்று, ஞாபகசக்தி குன்றிய முதியோருக்கு வைத்தியர் எழுதித் தரும் மருந்து, இன்னொன்று, ஒரு பழங்குடி மக்கள் தங்கள் சடங்குகளில் வழங்கிவந்த பச்சிலை, மற்றொன்று, வாழைப்பழத்திலும் மீனிலும் கொண்டைக்கடலையிலும் நாம் அறியாமலே உண்டுவருகிற சத்து. இவற்றைத் தனித்தனியே பிரித்து வைத்துப் பார்த்தாலன்றி உங்களுக்கு விடை சொல்ல இயலாது.

முதலில், நீங்கள் கண்டது மனப்பிராந்தி அன்று என்பதை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். பிரெடரிக் வான் ஈடன் என்னும் டச்சு மனநோய் மருத்துவர் 1913-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் இத்தகைய கனவுகளுக்கு "லூசிட்" என்ற அடைமொழியைக் கொடுத்தார். நாம் தெளிகனவு என்று வழங்கலாம். ஆனால் தூங்குகிறவன் தன் கனவைக் கனவென்று அறிந்தான் என்பதற்கு அவன் விழித்தெழுந்து சொல்லும் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சியம் இல்லாமையால், விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் நெடுங்காலம் இதை ஏற்க மறுத்தே வந்தனர். கனவு காணும் வேளையில் உடம்பின் தசைகளெல்லாம் கட்டுண்டு கிடக்கக் கண்மணிகள் மாத்திரம் இமைகளுக்குள் தடையின்றி உருண்டுகொண்டிருக்கின்றன என்பதை நினைவில் வைத்து, இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கீத் ஹெர்ன் என்பவர், ஆலன் வொர்ஸ்லி என்னும் அன்பரோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்: கனவுக்குள் விழிப்பு வந்தவுடன் கண்களை இடமும் வலமுமாக இத்தனை முறை அசைப்பது என்று. 1975 ஏப்ரல் மாதத்து ஒரு காலை வேளையில் அந்தச் சமிக்ஞை கருவியின் தாளில் கோடுகளாக வந்து விழுந்தது. தூக்கத்துக்குள்ளிருந்து ஒருவர் வெளியுலகத்துக்கு அனுப்பிய தந்தி அது. அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புத் தீர்வதில்லை. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் என்பவர் தனித்தே இதே முறையைக் கையாண்டு வெற்றி கண்டார்.

இனிக் கேலன்டமைன். ஐரோப்பாவில் பனி முற்றும் உருகுமுன்னரே மண்ணைக் கிளப்பிக்கொண்டு பூக்கும் ஸ்னோடிராப் என்னும் வெள்ளைப் பூச்செடியின் கிழங்கிலிருந்து 1950-களில் சோவியத் நாட்டிலும் பல்கேரியாவிலும் பிரித்தெடுக்கப்பட்ட சாரம் இது. நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் என்ற இரசாயனத்தைச் சிதைக்கும் நொதியை இது தடுத்து நிறுத்துகிறது. அதனால் அவ்விரசாயனம் மூளையில் சற்றே பெருகி நிற்கிறது. மறதி நோயாளிக்கு அது ஞாபகத்துக்குத் துணையாகிறது. கனவுகள் செழிக்கும் தூக்க நிலையும் அதே இரசாயனத்தின் ஆட்சிக்குட்பட்டதாகையால், கனவு விரும்பிகளின் கண் இதன்மீது விழுந்ததில் ஆச்சரியமில்லை. கிரேக்க மகாகவி ஹோமரின் ஒடிஸ்ஸி காவியத்தில், சூனியக்காரி சர்சியின் மயக்க மருந்துக்கு மாற்றாக ஒரு தேவன் கொண்டுவந்து கொடுக்கும் "மோலி" என்னும் வெண்மலர் மூலிகை இந்த ஸ்னோடிராப்தானாக இருக்கலாம் என்றும், அவள் கலந்து கொடுத்தது ஊமத்தையாக இருக்கலாம் என்றும் 1983-இல் இரண்டு நரம்பியல் வைத்தியர்கள் எழுதினார்கள். காவியத்தைப் பற்றி அவர்கள் சொன்னது சரியோ தவறோ, மருந்து சாஸ்திரம் பொருந்தவே செய்கிறது. அசிட்டைல்கோலினின் வேலையை ஊமத்தை அடைத்துப்போடுகிறது. ஸ்னோடிராப் அதையே தூண்டிவிடுகிறது.

உங்கள் நண்பர் நம்பியிருக்கும் ஆராய்ச்சி 2018-இல் லபெர்ஜும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது. 121 பேர் அடுத்தடுத்து மூன்று இரவுகளில் வெற்று மாத்திரை, 4 மில்லிகிராம், 8 மில்லிகிராம் என்று, எந்த இரவில் எது என அறியாமலே உட்கொண்டார்கள். வெற்று மாத்திரை உண்ட இரவில் நூற்றுக்கு 14 பேரும், 4 மில்லிகிராம் உண்ட இரவில் 27 பேரும், 8 மில்லிகிராம் உண்ட இரவில் 42 பேரும் தெளிகனவு கண்டதாகச் சொன்னார்கள். மருந்து வேலை செய்கிறது என்பதை இதற்குமேல் மறைக்க முடியாது, நானும் மறைக்கவில்லை. ஆயினும் அந்தப் 14 என்ற எண்ணை நண்பர் உங்களிடம் சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றுமில்லாத மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒரே இரவில், ஏழில் ஒருவர் தெளிகனவு கண்டிருக்கிறாரே, எப்படி? அவர்கள் படுக்கப்போகும்போது அதை விழுங்கவில்லை. நாலரை மணி நேரம் உறங்கி, எழுந்து, மாத்திரையை உண்டு, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் விழித்திருந்து, சற்றுமுன் கண்ட கனவை மனத்தில் ஓட்டி, "அடுத்து வருவதைக் கனவென்று அறிவேன்" என்று சங்கற்பம் செய்துகொண்டு மறுபடியும் படுத்தவர்கள். அதோடு, கனவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கமும் இதில் தீராத ஆசையும் ஏற்கெனவே உடையவர்கள். மாத்திரையை எடுத்துவிட்டாலும் இந்தக் கிரியைகள் மிஞ்சுகின்றன அல்லவா? அவற்றுக்கு விலையில்லை.

மாத்திரைக்கோ விலை உண்டு. பணத்தை மாத்திரம் சொல்லவில்லை. குமட்டல், வயிற்றுக் கலக்கம், தூக்கக் கேடு ஆகியவை சாதாரணமாக வரக்கூடியவை. இருதயத் துடிப்பு மந்தப்படுவதும், ஆஸ்துமா உள்ளவர்க்கு மூச்சுத் திணறல் மிகுவதும், குடற்புண் கிளர்வதும் விளையாட்டல்ல. இரத்த அழுத்தத்துக்கோ இருதயத்துக்கோ சிலவகை மருந்துகள் உட்கொள்பவர் இதைத் தொடவே கூடாது. அமெரிக்காவில் இது வைத்தியர் சீட்டோடு விற்கும் மருந்தாகவும், சத்துணவு என்ற பெயரோடு கடைத்தட்டில் நிற்கும் புட்டியாகவும் ஒரே காலத்தில் இருவேடம் போடுகிறது. இரண்டாவது வேடத்தில், புட்டிக்குள் இருப்பதும் புட்டிமேல் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பார் குறைவு.

மெக்சிகோத் தழையின் பெயர் காலியா சகதெச்சிச்சி. பெயரின் பிற்பகுதிக்கு அந்நாட்டு நாவாத்ல் மொழியில் "கசப்புப் புல்" என்று பொருள். நம் நிலவேம்பைக் குடித்தவர்க்குக் கசப்பைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஒஹாகா மாநிலத்துச் சொந்தால் மக்களில் குறி சொல்பவர்கள் இதைக் கஷாயமாகக் குடித்தும் சுருட்டாகப் புகைத்தும் உறங்கி, கனவில் சேதி கேட்பார்கள் என்று 1960-களில் வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1986-இல் மெக்சிகோ விஞ்ஞானிகள் சிலர் ஆரோக்கியமான மனிதர்களுக்கு இதன் சாரத்தைக் கொடுத்துப் பகல் தூக்கத்தில் சோதித்தபோது, மேலோட்டமான தூக்கம் மிகுந்தது. தாமே விழித்துக்கொள்ளும் தடவைகள் பெருகின. அரைத்தூக்கக் காட்சிகளும் அதிகமாயின. பாருங்கள், இங்கும் அதே கதைதான்! தழை கனவைக் கொண்டுவந்து ஊட்டவில்லை. தூக்கத்தை மெலிதாக்கி, அடிக்கடி தட்டி எழுப்பியது. தட்டி எழுப்பப்பட்டவன் கையில் கனவின் முனை அகப்பட்டது. இதற்காகக் கடல் கடந்து கசப்பை வரவழைக்க வேண்டுமா? எங்கள் தெருக் கோடியில் ஒரு சேவல் இருக்கிறது.

பி6 விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 100 பேரைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியான சோதனையில், படுக்கைக்கு முன் 240 மில்லிகிராம் வீதம் ஐந்து இரவுகள் உண்டவர்களுக்குக் கனவு அதிகமாக நினைவில் நின்றது. கனவின் துலக்கமோ வண்ணமோ மாறவில்லை. ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் என்பதையும், அமெரிக்க நிபுணர்கள் வகுத்த உச்ச வரம்பே 100 மில்லிகிராம்தான் என்பதையும், மாதக்கணக்கில் மிகுதியாக உண்டவர்களுக்குக் கைகால்கள் மரத்து நடை தள்ளாடியிருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நினைவில் நிறுத்துவதுதான் நோக்கமென்றால், தலைமாட்டில் ஒரு நோட்டும் பென்சிலும் போதும். நான் பல காலமாக அவ்வாறு செய்துவருகிறேன். பாதி இரவுக் கிறுக்கலைக் காலையில் படிக்க முடிவதில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: மூன்றும் வேண்டாம். விடுமுறை நாட்களில் வாரம் ஒரு முறை, விடியுமுன் எழுந்து, கண்ட கனவை எழுதி, முன் சொன்ன சங்கற்பத்தோடு மறுபடி உறங்கிப் பாருங்கள். பரீட்சைக் காலத்தில் இதுவும் வேண்டாம். அப்படி உறங்கும்போது சில சமயம் அறிவு விழித்து உடம்பு விழிக்காமல், நம்மவர் "அமுக்குவான் பேய்" என்று சொல்லும் அனுபவம் நேரக்கூடும். தசைகளின் கட்டு அவிழச் சற்றே தாமதமாவதுதான் அது. ஓரிரு நிமிஷத்தில் நீங்கிவிடும். மனநோய்க்காகச் சிகிச்சை பெறுகிறவர்களும், மனச்சோர்வு மாத்திரை உண்பவர்களும் தங்கள் வைத்தியரைக் கலக்காமல் இத்துறையில் எதையும், சேவலின் துணையோடுங்கூட, தொடங்க வேண்டாம்.

கேள்வி: ஐரோப்பியர் தலையணைக்குள் "மக்வர்ட்" என்ற தழையை வைத்துத் தைத்துக் கனவு காண்பார்களாமே. நம் நாட்டில் அதற்கு நிகரான மூலிகை எது? சாதிக்காயைப் பாலில் கலந்து குடித்தால் கனவு தெளியுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அம்மையீர், நிகரென்ன, உறவே உங்கள் கூந்தலில் இருக்கிறது. மக்வர்ட் ஆர்ட்டிமீசியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. பூமாலைகளில் வைத்துக் கட்டும் மாசிபத்திரியும் மரிக்கொழுந்தும் அதே பேரினம். இவற்றால் தெளிகனவு வந்ததென்று ஒழுங்கான சோதனை எதுவும் நிறுவவில்லை. ஆனால் மணத்துக்குக் கனவில் இடமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது: 2009-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் சிலர், கனவுத் தூக்கத்திலிருந்த பெண்கள் 15 பேருக்கு ரோஜா மணத்தையும் அழுகிய முட்டை நாற்றத்தையும் மாற்றி மாற்றிக் காட்டியபோது, முன்னதில் கனவின் உணர்ச்சிச் சாயல் இனிமையாகவும் பின்னதில் கசப்பாகவும் திரும்பியது. ஆகையால் மரிக்கொழுந்தைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் மக்வர்ட் இனத் தழைகளைக் கஷாயமிட்டுக் குடிப்பது, முக்கியமாகக் கர்ப்பிணிகளுக்கு, ஆகாது.

சாதிக்காயை ஒரு சிட்டிகை இழைத்துப் பாலில் கலந்து பருகுவது நம் வீடுகளில் தூக்கத்துக்காகப் பழகிய வழக்கம். ஒரு காய், இரண்டு காய் என்று போனால் வாந்தியும் படபடப்பும் சித்தக் கலக்கமும் ஒரு நாள் முழுவதும் ஆட்டிவைக்கும். அந்நிலையில் தோன்றும் காட்சிகளைக் கனவு என்று மரியாதையாக அழைக்க எனக்கு மனமில்லை. ஊமத்தையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேளாமலே சொல்கிறேன்: அதை எக்காரணத்துக்காகவும் வாயில் வைக்க வேண்டாம், அது உயிரைக் குடிக்கும்.

கேள்வி: பதஞ்சலி முனிவரே சித்திகளுக்கு ஔஷதத்தையும் ஒரு வழியாகக் கூறியிருக்க, தாங்கள் முன்னொரு முறை மூலிகைகளைத் தள்ளி எழுதியது நியாயமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, தாங்கள் சொல்வது உண்மை. யோகசூத்திரத்தின் நான்காம் பாதம் பிறப்பு, ஔஷதம், மந்திரம், தவம், சமாதி என்று அடுக்கியே தொடங்குகிறது. ஆனால் எந்த மூலிகை, எவ்வளவு என்று முனிவர் ஒரு சொல்லும் கூறவில்லை. அதே நூலின் முதற்பாதத்தில், கனவிலும் உறக்கத்திலும் கிடைக்கும் ஞானத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டு சித்தத்தை நிலைநிறுத்தலாம் என்று கூறும் இடத்தில் மூலிகையின் பேச்சே இல்லை. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று அவத்தைகளை ஐந்தாக வகுத்த நம் சைவ சித்தாந்திகளும், நாரோபர் என்னும் பௌத்த ஆசாரியரின் வழிவந்து கனவுக்குள் விழிப்பைப் பயிலும் திபெத்தியத் துறவிகளும் பயிற்சியையே முன் வைத்தார்கள். மூலிகையை வைத்தவர்கள் இல்லாமலில்லை: தென்னாப்பிரிக்காவின் ஹோசா மக்களில் குறி சொல்லும் பணிக்குத் தீட்சை பெறுபவர்கள், சைலினி என்னும் செடியின் வேரை நீரில் கடைந்து எழும் நுரையை உட்கொண்டு, முன்னோரைக் கனவில் காண முயல்வதுண்டு. அங்கே ஓர் ஆசான் உண்டு, காலம் உண்டு, கனவைக் கேட்டுப் பொருள் சொல்ல ஒரு சமூகமே உண்டு. திருச்சி விடுதியறையில் அவற்றில் ஒன்றேனும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பது மெய்யா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இரவு முழுவதும் ஏறத்தாழ ஒன்றரை மணிக்கொரு முறை கனவுத் தூக்கம் வந்து போகிறது, முதல் வருகை சில நிமிஷங்களே தங்கும், விடியும் தறுவாயில் வருவது அரை மணிக்கும் மேலாக நீளக்கூடும். நீண்ட கனவாகையாலும், கண்டவுடன் விழித்துவிடுகிறோமாகையாலும், அதுவே நினைவில் நிற்கிறது. நினைவில் நிற்பதைத்தானே பலித்ததா என்று பார்க்க முடியும்? நடு இரவுக் கனவுகள் பலித்திருந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை. பலிக்குமா என்பதை மாத்திரம் இப்பத்திரிகையின் ராசிபலன் பகுதியாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்.