எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டவர்

பலர் கூடி ஒரே ஆவணத்தைக் கணினியில் திருத்துவது மிகவும் சௌகரியமான காரியம் என்று மேடையில் பேசுகிறவர்கள், அந்த ஆவணத்தின் கடைசிப் பிரதிக்கு ஊரார் முன்னிலையில் பதில் சொல்லவேண்டிய நிர்ப்பந்தம் ஒருநாளும் ஏற்படாதவர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். தமிழாசிரியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றுக் கள்ளக்குறிச்சியில் வசிக்கும் எனக்கு அந்த நிர்ப்பந்தம் ஏற்பட்டது. கல்வராயன் மலையில் ஒரு கிராமத்தார் தங்கள் சமூக வன உரிமைக்காகத் தயாரித்த கோரிக்கையை எழுதி ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்ததும், அது ஒருவருடைய சுறுசுறுப்பினால் ஒரு மழைக்காலம் முழுவதும் தடைப்பட்டு நின்றதுமே இங்கே விஷயம்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, தனிமனிதர் கோரிக்கைக்கு 'ஏ' படிவம், சமூக உரிமைகளுக்கு 'பி' படிவம், ஊரார் வழிவழியாகப் பேணிவரும் காட்டின் மீதான உரிமைக்கு 'சி' படிவம் என்று மூன்று உண்டு. மூன்றாவது படிவத்தின் உயிர்நாடி எல்லை விவரம்: எந்த ஓடை, எந்தப் பாறை, எந்த மேடு, அதற்கு எத்திசையில் அடுத்த ஊர் என்பவை வரைபடத்தோடு ஒத்திருக்கவேண்டும். சட்ட விதிகளில் சாட்சியங்களாகச் சொல்லப்பட்டவற்றுள், எழுத்தில் பதிவு செய்யப்பட்ட முதியோர் வாக்குமூலமும் ஒன்று. ஜாகீர்தார்களின் ஆளுகை 1976-ஆம் ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது என்ற சரித்திரத்தையுடைய இந்த மலையில், அதற்கு முற்பட்ட காலத்துக்குச் சர்க்கார் தஸ்தாவேஜுகள் அருமையாகவே கிடைக்குமாதலால், முதியவர்களின் வாய்மொழியே எங்களுக்குப் பிரதான ஆதாரமாயிற்று. அந்த வாய்மொழியில் ஒரு சொல் மாறினால் ஆதாரமே மாறிவிடும் என்பதை நான் ஆரம்பத்திலேயே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். சொன்னதற்கு எழுத்து மூலமான அத்தாட்சியும் அந்த ஆவணத்தின் முதற்பக்கத்துக் குறிப்பாக இன்றும் இருக்கிறது.

ஆவணத்தைக் கூகுள் டாக்ஸில் வைத்தோம். நேரே எழுத்தை மாற்றும் 'எடிட்டிங்' நிலை வேறு, மாற்றத்தை யோசனையாக மட்டும் வண்ணத்தில் காட்டும் 'சஜஸ்டிங்' நிலை வேறு. வேர்டில் இதே வேலையை 'ரிவ்யூ' பகுதியில் உள்ள 'டிராக் சேஞ்சஸ்' செய்கிறது; லிப்ரே ஆபீஸிலும் அவ்விதமே ஒன்று உண்டு. இவற்றை உங்கள் வீட்டுப் பிள்ளைகளே ஐந்து நிமிஷத்தில் காட்டிவிடுவார்கள். அவர்கள் சொல்ல மறப்பது ஒன்று: கைபேசியில் ஆவணத்தைத் திறந்து திருத்தத் தொடங்கினால் அது பெரும்பாலும் நேரே திருத்தும் நிலையிலேயே நிற்கும், யோசனை நிலைக்கு நீங்களாகத்தான் மாற்றவேண்டும். நீங்களும் வெள்ளிமலைக்கு மேலே, சிக்னல் இருக்கும் பாறையைத் தேடிப்போய் உட்கார்ந்து கைபேசியில்தான் திருத்துவீர்கள் ஆதலால், இதை முதலில் கவனித்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் செய்த திருத்தங்கள் கச்சிராயபாளையம் இறங்கியதும் ஒருமொத்தமாக வந்து சேர்ந்து, யார் எதை முன்னே எழுதினார், யார் பின்னே எழுதினார் என்ற கலக்கத்தை உண்டாக்கும்.

இனி அந்தச் சம்பவம். கிராமத்தின் எல்லை ஓர் ஓடைக்கு மேற்கே தொடங்குவதாக ஊர்க்கவுண்டர் சொல்லியிருந்தார், அப்படியே எழுதினேன். மலையிலிருந்து கல்லூரிக்குச் சென்று படிக்கும் பெண்ணொருத்தி, ஓடைக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்த தன் பாட்டி அந்த இடத்தைக் கிழக்கே என்று சொல்லக் கேட்டு, 'மேற்கே' என்பதைக் 'கிழக்கே' என்று யோசனையாகக் குறித்து, ஓரத்தில், 'பாட்டி இப்படிச் சொல்லுது, ஊரில் கேட்டு முடிவு பண்ணவும்' என்று எழுதி வைத்தாள். அவள் செய்தது முற்றிலும் சரியான காரியம். சந்தேகம் வந்தால் எழுத்தை மாற்றாமல் கேள்வியாக வை என்று நான் சொல்லிக்கொடுத்ததை அந்தக் கூட்டத்தில் சிரத்தையாகக் கடைப்பிடித்தவள் அவள் ஒருத்திதான். பட்டணத்திலிருந்து உதவிக்கு வந்திருந்த, கணினியில் மிகவும் தேர்ந்தவர் என்று எங்களுக்கு அறிமுகப்படுத்தப்பட்ட ஓர் இளைஞர், கிராம சபை கூடுவதற்கு முந்தைய இரவில், யாரையும் கேளாமல், அந்த ஆவணத்தை வேர்டு கோப்பாக இறக்கி, 'அக்செப்ட் ஆல்' என்ற கட்டளையை அழுத்தி, ஓரத்துக் குறிப்புகளையும் ஒரேயடியாக நீக்கி, அச்சிட்டுக் கொண்டுபோனார். கேள்வி விடையாயிற்று, கேட்ட சுவடும் மறைந்தது.

அன்று நான் கூட்டத்துக்குப் போகவில்லை. முழங்கால் வலியோடு மலைப்பாதையில் பஸ்ஸேறிப் போக இயலாத நிலையில் இருந்தேன். இதை இன்றைக்கும் ஒரு குறையாகச் சொல்லித் திரிகிறவர்கள் அன்று அங்கே முழங்கால் வலியின்றி உட்கார்ந்திருந்தவர்களே என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். இளைஞர் வாசித்தார், சர்க்கார் நடையிலுள்ள நீண்ட வாசகத்தைக் கேட்ட ஜனங்கள் தலையசைத்தார்கள், தீர்மானம் நிறைவேறியது. பிறகு அடுத்த ஊரார் ஆட்சேபித்தார்கள். ஊர்க்கவுண்டர் என் வீட்டுக்கே வந்து, "வாத்தியாரே, ஓடைக்கு அந்தண்ட நமக்கு என்ன இருக்குது? மாமன் மச்சான் ஊரை நம்ம பேருல எழுதிட்டீங்களே" என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

எல்லையில் இரண்டு ஊர்களுக்குள் தகராறு வந்தால் இரு ஊர்களின் வன உரிமைக் குழுக்களும் சேர்ந்து அமர்ந்து பேசவேண்டும் என்பது விதி. அது சுமுகமாகவே முடிந்தது. பெண் கொடுத்து எடுத்த ஊர்கள். ஆனால் திருத்திய கோரிக்கைக்கு மறுபடியும் கிராம சபையைக் கூட்டவேண்டும். சபையின் அங்கத்தினரில் பாதிப்பேருக்குக் குறையாமல் வரவேண்டும், வந்தவர்களில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் பெண்களாக இருக்கவேண்டும். ஊரில் பாதி ஜனங்கள் கூலிவேலைக்கு வெளியூர் போயிருந்த பருவத்தில் அந்தப் பாதியைச் சேர்க்கப் பட்ட பிரயாசையை, ஒரே அழுத்தில் வேலையை முடித்தவர் பகிர்ந்துகொள்ளவில்லை. அவர் தொலைபேசியில் சொன்ன சமாதானம் இது: "அய்யா, காப்பி கிளீனா இருக்கட்டும்னுதான் செஞ்சேன்."

எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் அந்தக் கட்டளையை முழுவதும் விலக்கவேண்டும் என்பது என் கட்சியல்ல. புள்ளி, இடைவெளி, எழுத்துருவின் அளவு இவற்றில் நூறு திருத்தங்கள் இருந்தால் ஒவ்வொன்றாக உட்கார்ந்து ஏற்பது மடமை. வேர்டில் 'ஷோ மார்க்கப்' என்பதைத் திறந்து வடிவ மாற்றங்களை மட்டும் காட்டும்படியோ, ஒருவருடைய திருத்தங்களை மட்டும் காட்டும்படியோ செய்து, கண்ணுக்குத் தெரிகிறவற்றை மாத்திரம் ஏற்றுக்கொள்ள வழி இருக்கிறது. திசை, பெயர், எண், தேதி ஆகிய நான்கையும் தனித்தனியே, அந்த மண்ணை அறிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரிசீலிக்கவேண்டும். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் பிரதிபேதங்களைத் தள்ளிவிடாமல் அடிக்குறிப்பாகக் கொடுத்தாரே, அவருக்கு 'அக்செப்ட் ஆல்' கிடைத்திருந்தால் அழுத்தியிருப்பாரா என்று நான் அந்த இளைஞரிடம் கேட்டேன். சாமிநாதையர் யார் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பழியிலிருந்து என்னைக் காப்பாற்றியது கூகுள் டாக்ஸில் இருந்த பழைய ஆவணமே. இறக்கி மாற்றிய புதிய கோப்புக்குப் பூர்விகம் கிடையாது. நகலெடுத்த ஆவணத்துக்கும் அப்படியே. மூல ஆவணத்தின் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யைத் திறந்தபோது, யார் எந்த நேரத்தில் எதை எழுதினார் என்பது வண்ணவண்ணமாக வந்து நின்றது. அதை அச்சிட்டுக் கூட்டத்தில் காட்டினேன். ஆகவே, சபைக்குப் போகுமுன் அன்றைய நிலைக்கு அந்த வரலாற்றில் ஒரு பெயரிட்டு வையுங்கள். 'இணைப்பை உடையவர் எவரும் திருத்தலாம்' என்று திறந்துவிடவும் வேண்டாம். அப்படி வருகிற பெயரில்லாதவர்களுக்குக் கூகுள் ஏதேனும் ஒரு விலங்கின் பெயரைச் சூட்டுகிறது, எந்த விலங்கு எல்லையைத் தாண்டியது என்று பிறகு நீங்கள் கண்டுபிடிக்க முடியாது.

திருத்தக் குறிகளைத் திரையில் மறைப்பது வேறு, நீக்குவது வேறு. லெபனான் நாட்டுப் பிரதமராக இருந்த ரஃபீக் ஹரீரி கொலை பற்றி 2005 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபைக்கு, அந்த விசாரணையை நடத்திய மெஹ்லிஸ் என்பவர் அளித்த அறிக்கையின் வேர்டு பிரதியில், நீக்கப்பட்ட பெயர்கள் திருத்தக் குறிகளினூடே தெரிந்துவிட, அது உலகமறிந்த சங்கடமாயிற்று. எனவே வெளியே அனுப்பும் பிரதியைப் பி.டி.எஃப். ஆக்குமுன் ஒவ்வொரு குறியும் ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா என்று பாருங்கள். மூலத்தை மட்டும் குறிகளோடு பத்திரப்படுத்துங்கள்.

தமிழருக்கென்றே உள்ள ஒரு தொல்லையையும் சொல்லவேண்டும். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை அங்கீகரித்த பிறகும், டி.டி.பி. கடைகளில் வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஒழியவில்லை. அவற்றில் தட்டியதை மாற்றிக்கொண்டுவந்து வேர்டின் 'கம்பேர்' வசதியால் ஒப்பிட்டால் பக்கம் முழுவதும் சிவந்துவிடும். யூனிகோடிலேயே கூட, 'கொ' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறுவேறு. திருத்தமே இல்லாத இடத்தில் திருத்தம் காட்டுகிற இந்தப் போலிச் சிவப்பில் சலித்துப்போய்த்தான் மனிதர்கள் கடைசியில் எல்லாவற்றையும் ஏற்றுத் தொலைக்கிறார்கள். ஆரம்பத்திலேயே எல்லோரும் ஒரே விசைப்பலகை முறையில் தட்டுங்கள், டி.டி.பி. கடைக்காரரைப் பகைத்துக்கொள்ள நேர்ந்தாலும் பரவாயில்லை.

கோரிக்கை இப்போது சரியான திசையோடு மேலே சென்றிருக்கிறது. எங்கள் ஆவணங்களில் எனக்கும் வன உரிமைக் குழுவின் செயலாளருக்கும் மாத்திரமே 'எடிட்டர்' உரிமை. மற்ற எல்லோருக்கும், அந்தக் கல்லூரிப் பெண் உட்பட, யோசனை சொல்லும் 'காமென்டர்' உரிமை. அவள் அதைக் குறைவாக நினைக்கவில்லை. இளைஞருக்கும் அதே உரிமை தரப்பட்டது. முழு உரிமை வேண்டும் என்று அவர் எழுதிய கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதும் உத்தேசமும் இல்லை.