கண்டியில் கல் கணப்படுப்பு தேவையா?

கேள்வி: ஹந்தானையில் வீடு கட்டுகிறோம். மார்கழி, தையில் அம்மாவுக்குக் குளிர் தாங்கவில்லை. ஐரோப்பாவில் உள்ளதுபோல் செங்கல்லால் பெரிய கணப்படுப்பு கட்டலாமா?
— ஒரு வாசகி, கண்டி

பதில்: கட்ட வேண்டாம் என்பதே என் எண்ணம். அந்த அடுப்பின் சூட்சுமம் அதன் கனத்தில் இருக்கிறது. காய்ந்த விறகை ஓரிரு மணி நேரம் கொழுந்துவிட்டு எரியவிடுவார்கள். சூடான புகை, செங்கல்லுக்குள் வளைந்து செல்லும் வழிகளில் வெப்பத்தை விட்டுவிட்டு வெளியேறும். டன் கணக்கான அந்தச் சுவர் பிறகு அரை நாளுக்கு மேல் மெல்லச் சூடு தரும். பின்லாந்துக்கு அது சரி. கண்டி நகரமோ சுமார் 500 மீட்டர் உயரம்தான்; தை மாத இரவிலும் வெப்பம் 18 பாகையை ஒட்டியே நிற்கும். 1,870 மீட்டர் உயரத்து நுவரெலியா என்றால் யோசிக்கலாம். அங்கே பழைய துரை பங்களாக்களின் திறந்த கணப்படுப்புகளில் சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடுகிறது.

உங்கள் அம்மாவை வாட்டுவது பெரும்பாலும் ஈரம். கூரைக்கு உட்தளம் போடுங்கள், கதவிடுக்கை அடையுங்கள், பகல் வெயில் அவர் அறைக்குள் விழட்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: சட்டியில் கரி நெருப்பு வைத்து அறையை மூடிவிடாதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமில்லை; தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். லயத்து அறைகளில் மிலாறு எரித்த புகையைத் தலைமுறைகளாகச் சுவாசித்த நம் பெண்களின் இருமல் போதும்.