சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் செம்மண் காய்ந்தால் இறுகிக் கிடக்கும். மழை பெய்தால் மேலே ஒரு விரல் ஆழத்துக்கு மட்டும் வழவழவென்று ஆகிவிடும். அடியில் இறுக்கம் அப்படியே இருக்கும். மேட்டு நிலத்தில் விறகும் உரமூட்டையும் ஏற்றிக்கொண்டு கோல்ஃப் வண்டி ஓட்டுகிற எனக்கு இந்த மண்தான் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தது.

இந்த வண்டிகளுக்குத் தாய்வீடே ஜார்ஜியாதான். ஈ-இசட்-கோ நிறுவனம் 1954-இல் அகஸ்டாவில் தொடங்கியது. கிளப் கார் தொழிற்சாலையும் அதே ஊர்ப் பக்கம்தான். யமஹா வண்டிகள் நியூனனில் தயாராகின்றன. அதனால் பழைய வண்டிகள் எளிதாகக் கிடைக்கும். வாங்கி, உயர்த்தி, பெரிய டயர் மாட்டிக் காட்டுக்கும் தோட்டத்துக்கும் ஓட்டுகிறவர்கள் ஏராளம். அவர்கள் எல்லோரும் ஒருநாள் சந்திக்கிற சிக்கல் ஒன்று உண்டு: மேட்டில் வண்டி நின்றுவிடும், பின்னால் ஒரு சக்கரம் மட்டும் சேற்றை வாரியடித்துக்கொண்டு சுற்றும், இன்னொன்று அசையாமல் கிடக்கும்.

உடனே மோட்டாரைப் பெரிதாக்கத் தோன்றும். அது பயன் தராது. பின் ஆக்சிலில் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல். அது இரண்டு சக்கரங்களுக்கும் விசையைச் சமமாகவே பிரிக்கும். சேற்றில் இருக்கும் சக்கரம் 20 கிலோ இழுவையைத்தான் தாங்கும் என்றால், நல்ல தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் அதே 20 கிலோதான் கிடைக்கும். மேடு ஏற 60 கிலோ வேண்டுமென்றால் வண்டி நகராது. பிடிப்புக் குறைந்த சக்கரம் எவ்வளவு தருகிறதோ, அதன் இருமடங்குதான் வண்டியின் மொத்த இழுவை. அதனால் எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் அந்தச் சக்கரத்தை எப்படித் தரையோடு அழுத்துவது என்றுதான் நான் யோசிப்பேன்.

முதலில் காற்று. இதற்குக் காசே செலவில்லை. ஆலையிலிருந்து வரும் 18 அங்குல டயரில் வழக்கமாக 20 பிஎஸ்ஐ அளவில் அடிப்பார்கள். புல்தரைக்கு அது சரி. பட்டன் டயர் மாட்டிச் சேற்றில் போகும்போது நான் 10 முதல் 12 பிஎஸ்ஐக்குள் வைக்கிறேன். டயர் சற்றுப் பரந்து உட்காரும், தரையோடு ஒட்டும் நீளம் கூடும், பட்டன்களுக்கு இடையில் அடைபடும் மண்ணும் உதிரும். அதற்கும் கீழே இறக்க வேண்டாம். பக்கச் சரிவில் திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். வேலை முடிந்து தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி காற்று அடித்துக்கொள்ளுங்கள்.

டயரை 22 அங்குலத்துக்கு மாற்றினால் தரையில் இழுவை ஏறத்தாழ 18 சதவீதம் குறையும். மோட்டார் 12 சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்ற ஆக்சில் விகிதம் மாறாது. ஆனால் சக்கரத்தின் ஆரம் கூடிவிடுகிறது. வழுக்கலில் இது பெரிய இழப்பில்லை, வெயில் காலத்து மேட்டில் மோட்டார் சூடாகும்போதுதான் உறைக்கும்.

அடுத்தது எடை. இதைப் பலரும் கவனிப்பதில்லை. 48 வோல்ட் வண்டியில் 8 வோல்ட் ஈய பேட்டரிகள் ஆறு இருந்தால் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 29 கிலோ, சேர்த்து 170 கிலோவுக்கு மேல். அவை இருக்கைக்கு அடியில், பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் இருக்கின்றன. லித்தியம் பேட்டரிக்கு மாறினால் அந்த எடை 50 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். வேகமும் ஓடும் தூரமும் கூடும். பின் சக்கரங்களின் அழுத்தமோ குறைந்துவிடும். லித்தியம் போட்ட பிறகு என் வண்டியும் ஈர மேட்டில் முன்பைவிடச் சீக்கிரம் வழுக்கத் தொடங்கியது. பழைய பேட்டரி இடத்தின் தரையிலேயே மணல் மூட்டைகளைப் பட்டை போட்டுக் கட்டினேன். தாழ்வான இடம் என்பதுதான் இதில் முக்கியம். பின்புறத் தட்டில் ஆக்சிலுக்குப் பின்னால் எடையை அடுக்கினால் மேட்டில் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காமல் போகும். உயர்த்திய வண்டி எளிதில் கவிழும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஸ்பிரிங் பட்டையையும் பாருங்கள். பின்னிருக்கை போட்டவர்கள் கனமான பட்டை மாட்டியிருப்பார்கள். ஆளில்லாமல் போகும்போது அது வளையவே வளையாது. பள்ளத்தில் ஒரு சக்கரம் காற்றில் தொங்கும். சமதரையில் ஒரு பின்சக்கரத்தை மரக்கட்டை மேல் ஏற்றிப் பார்த்தால் மற்றது தரையை விடுகிறதா என்று தெரிந்துவிடும். விட்டால், ஒரு பட்டையை உருவிப் பாருங்கள்.

கன்ட்ரோலரில் அமைப்பை மாற்றும் வசதி இருந்தால், வேகமெடுப்பை மெதுவாக வைப்பது பெரிய உதவி. டயர் ஒருமுறை சுழலத் தொடங்கிவிட்டால் பிடிப்பு மேலும் குறையும். ஒரு சக்கரம் நின்று மற்றது சுற்றும்போது, சுற்றுவது இருமடங்கு வேகத்தில் சுற்றும். தன் குழியை அதுவே தோண்டிக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால்தான் டிஃபரன்ஷியலில் கை வைக்க வேண்டும். உள்ளே பற்சக்கரங்களை வெல்டிங் செய்து ஒட்டிவிடுவது மலிவான வழி. நான் யாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன். திருப்பத்தில் உள்சக்கரம் தேய்த்துக்கொண்டே வரும், புல் பிய்ந்துவிடும். ஒரு சக்கரம் காற்றில் இருக்கும்போது மோட்டாரின் முழு விசையும் ஒற்றை ஆக்சில் தண்டின் மேல் வரும். தண்டு உடைவது அங்கேதான். வேண்டும்போது மட்டும் பூட்டும் வகை கிடைத்தால் அதுவே மேல். டிராக்டரில் இருக்கும் டிஃப் லாக் மாதிரிதான்: வழுக்கும் இடத்துக்கு முன் நேராக நிறுத்திப் போட வேண்டும், தாண்டியதும் எடுத்துவிட வேண்டும்.

சாய்வுப் பல் கொண்ட தானியங்கி வகையும் உண்டு. அது பிடிப்புள்ள பக்கத்துக்கு இரண்டு மூன்று மடங்கு விசையைத் தள்ளும். ஆனால் சக்கரம் முழுதாகக் காற்றில் இருந்தால் பூஜ்ஜியத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்ஜியம்தான். அப்போது பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வண்டி நகர வாய்ப்புண்டு. சாதாரண டிஃபரன்ஷியலில் இது உதவாது; நிற்கிற சக்கரத்தையும் பிரேக் அதே அளவு பிடித்துக்கொள்கிறது. அங்கே டிராக்டர்போல இடம், வலம் தனித்தனி பிரேக் வேண்டும். பின் பிரேக்குக்கு இரண்டு கேபிள் போகும் வண்டிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி வைத்துக்கொள்கிறார்கள். நடக்கிற வேகத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். வண்டியின் வழக்கமான பிரேக் முழுமையாக வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

உங்கள் வண்டியில் எந்த வகை என்று தெரிய வேண்டுமா? முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டோ-ரன் சுவிட்சை டோவில் போட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றி, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் டிஃபரன்ஷியல் பூட்டப்படவில்லை; சாதாரண வகையாகவோ சாய்வுப் பல் வகையாகவோ இருக்கலாம். இரண்டும் ஒரே திசையில் போனால் ஏற்கெனவே யாரோ பூட்டியோ வெல்டிங் செய்தோ இருக்கிறார்கள். சோதனைக்கு மோட்டாரை ஓட்டிப் பார்க்காதீர்கள். சீரிஸ் வகை மோட்டார் சுமையில்லாமல் சுற்றினால் வேகம் கட்டுக்கு அடங்காமல் ஏறிச் சிதறிவிடக்கூடும்.