சத்தத்துக்கு ஒரு விலை, சான்றுக்கு ஒரு விலை

வியாபாரத்தில் சில பாடங்களை இலவசமாகப் படிக்க முடியாது. கட்டணம் கட்டியே படிக்க வேண்டும். நான் கட்டிய அப்படியொரு கட்டணத்தைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறேன். விடயம் பழைய மின்சாரக் கிட்டார். "நமது கடைக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மாணிக்கக்கல், பழைய கடிகாரம், பாவித்த வாகனம் என எதை வாங்கி விற்பவருக்கும் இக்கணக்குப் பொருந்தும்.

2016ஆம் ஆண்டு லண்டனிலுள்ள என் மச்சான் தொலைபேசியில் அழைத்தார். 1961ஆம் ஆண்டு கிப்சன் கிட்டார் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், இருவரும் பாதிப் பாதி முதல் போட்டு வாங்கி, சேகரிப்பாளர் ஒருவருக்கு விற்கலாம் என்றும் சொன்னார். கடைக்குப் புதுச் சரக்கு எடுக்க ஒதுக்கி வைத்திருந்த பணத்தை என் பங்காக எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன்.

விலை ஒளிந்திருக்கும் இடம்

இந்தக் கிட்டாரின் விலையில் கணிசமான பகுதி அதன் 'பிக்கப்'பில் இருக்கிறது. நாம் சாமான் ஏற்றும் பிக்கப் அல்ல. கம்பிகளுக்குக் கீழே பதித்திருக்கும் சிறு பெட்டி. உள்ளே ஒரு காந்தம். தலைமயிர் போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதுவே ஒலிபெருக்கிக்குப் போய்ச் சத்தமாகிறது.

ஆரம்பகாலப் பிக்கப்புகளில் ஒரு சுருளே இருந்தது. அது சுற்றியுள்ள மின்சார இரைச்சலையும் சேர்த்துப் பிடித்தது. கிப்சன் கம்பனியின் பொறியியலாளர் செத் லவர், எதிரெதிராக வேலை செய்யும் இரண்டு சுருள்களைப் பக்கத்தில் வைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அழித்தது. இசை இரட்டிப்பாகித் தடித்த, இதமான சத்தம் வந்தது. 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959இல் கிடைத்தது. 1957 முதல் சில வருடங்கள் பிக்கப்பின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற ஆங்கிலச் சொற்களுடன் ஒரு சிறு கறுப்பு ஒட்டுச்சீட்டு இருந்தது. அதன் முதலெழுத்துகளால் இவற்றை 'பி.ஏ.எப்.' என்கிறார்கள். அன்று சுற்றுகளின் எண்ணிக்கை சரியான அளவில் நிற்கவில்லை. காந்தமும் ஒரே தரத்தில் வரவில்லை. ஆகவே ஒன்றின் சத்தம் இன்னொன்றில் இல்லை. அன்று அது உற்பத்திக் குறை. இன்று அதற்கே விலை.

நாங்கள் விட்ட பிழை

விற்றவர் கிட்டாரை இணைத்து வாசித்துக் காட்டினார். கழுத்துப் பக்கப் பிக்கப்பில் உருண்டையான சத்தம். மறுபக்கத்தில் கூர்மையான, ஆனால் காதைக் குத்தாத சத்தம். இசை தெரியாத எனக்கே அந்த வித்தியாசம் விளங்கியது. பிறகு கழுத்துப் பக்கப் பிக்கப்பின் திருகாணிகளைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். கறுப்பு ஒட்டுச்சீட்டு இருந்தது. மற்றதைக் கழற்றச் சொல்ல நாங்கள் கூச்சப்பட்டோம். ஒரு மூட்டையைக் குத்திப் பார்த்துவிட்டுப் பத்து மூட்டைக்குக் காசு கொடுத்த கதைதான்.

நான்கு மாதம் கழித்து வாங்க வந்தவர், கூடவே ஒரு திருத்துனரை அழைத்து வந்தார். அவர் வாசிக்கவேயில்லை. பின்மூடியைத் திறந்தார். ஒரு வயரின் ஈயப் பற்றாசு மட்டும் புதிதாகப் பளபளத்தது. இரண்டாவது பிக்கப்பைத் திருப்பினார். அது பிற்காலத்தில் செய்யப்பட்ட நகல். சத்தம் அன்று கேட்டது போலவே இருந்தது, விலைதான் இறங்கிவிட்டது. போட்ட முதலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நட்டத்துக்கு விற்றோம். முதலில் விற்றவரிடம் போகலாம் என்றால், பற்றுச்சீட்டில் 'பழைய கிப்சன் கிட்டார்' என்று மட்டுமே எழுதியிருந்தது. பிக்கப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

குறையும் விலையாகும்

மாற்றம் செய்த பொருளெல்லாம் விலைபோகாது என்று நினைக்க வேண்டாம். பிரித்தானியக் கலைஞர் பீட்டர் கிறீன் வாசித்த 1959ஆம் ஆண்டு லெஸ் போல் கிட்டாரில் ஒரு பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்தது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் உள்ளீடற்றது போன்ற ஒரு தனிச் சத்தம் வரும். கணக்கில் அது பிழை. ஆனால் அது கெரி மூரிடம் போய், 2014இல் கேர்க் ஹமெட்டிடம் சேர்ந்தபோது, அந்தப் பிழையே அதன் அடையாளம். காரணம், அதன் கதை எல்லோருக்கும் தெரியும். சொல்லப்பட்ட குறை பெறுமதியாகலாம். மறைக்கப்பட்ட குறை நட்டமாகவே முடியும். சூடுகாட்டிய நீலக்கல்லைச் சூடுகாட்டியது என்று சொல்லி விற்பவருக்கும், சொல்லாமல் விற்பவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள். வாசிப்பவர் சத்தத்துக்குக் காசு கொடுப்பார். சேகரிப்பவர் அந்தச் சத்தம் பிறந்த சான்றுக்குக் கொடுப்பார்.

2. ஒவ்வொரு பாகத்தையும் பாருங்கள். ஒட்டுச்சீட்டுக்கும் போலி உண்டு. ஆகவே பற்றாசு, திருகாணி, உள்ளேயுள்ள பாகங்களின் திகதி இலக்கம் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஆனால் பிக்கப்பின் உலோக மூடியைப் பெயர்க்க விடாதீர்கள். பெயர்த்தாலே விலை குறையும்.

3. மறுபூச்சு, தலைப்பகுதி உடைவு ஆகியவற்றைத் தேடுங்கள். இவை விலையைப் பாதியாக்கவும் கூடும்.

4. நமக்குத் தெரியாத துறையில், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு திருத்துனருக்குக் கூலி கொடுத்துக் காட்டுங்கள்.

5. வாயால் சொன்னதையெல்லாம் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குபவரிடம் நாமும் தயங்குவோம்.

திருத்துனருக்கு அன்று கொடுக்காத கூலியைப் போலப் பல மடங்கை நான் பின்னர் இழந்தேன். காது திருப்திப்பட்டதும் கை பணப்பைக்குள் போய்விட்டது. இடையில் கண்ணுக்கும் கொஞ்சம் வேலை கொடுத்திருக்க வேண்டும்.