மின்சாரக் காரின் மின்னேற்ற வாயும் மழைநீரும்

மின்சாரக் காருக்குப் பெட்ரோல் தொட்டி இல்லை. அதன் இடத்தில் பாட்டரித் தொகுதி உண்டு. அத்தொகுதிக்கு வெளியிலிருந்து மின்சாரம் செல்லும் வழியே மின்னேற்ற வாய் எனப்படும். சிறு மூடி ஒன்றின் உட்புறம் அமைந்த இவ்வாயில் உலோக ஊசிகள் சில உள்ளன. வீட்டுச் சுவரிலுள்ள ஸாக்கெட் மழையில் நனைவதில்லை. காரின் வாயோ சேறும் தூசியும் தெறிக்கும் வெளியிடத்தில் இருக்கின்றது. ஆகவே நீரிலிருந்து இதனைக் காத்தல் இன்றியமையாததாகின்றது.

பெங்களூரில் தயாரான ‘ரேவா’ என்னும் சிறு மின்சாரக் கார் 2001-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. பின்னர் அது லண்டன் தெருக்களிலும், பனி பெய்யும் நார்வே நாட்டிலும் ஓடியது. ஒரே வகை வண்டி ஓரிடத்தில் மழையையும் மற்றோரிடத்தில் உறைபனியையும் தாங்க நேர்ந்தது. பெங்களூரில் நீர் உறையும் குளிர் இல்லை. எனினும் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கின்றது. 2022 செப்டம்பர் முதல் வாரத்தில் பெய்த பெருமழையில் பெல்லந்தூர்ப் பகுதியும் வெளிவட்டச் சாலையும் வெள்ளத்தில் மூழ்கின.

நீர் விளைக்கும் கேடு

தூய நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துவதில்லை. ஆனால் சாலையில் ஓடும் நீரில் உப்புக்களும் அழுக்கும் கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்துகின்றது. ஊசிகளுக்கிடையே இந்நீர் மெல்லிய படலமாகப் படிந்தால் மின்கசிவு உண்டாகும்.

இரண்டாவது கேடு மெதுவாக நிகழ்வது. ஈரத்தால் ஊசிகள் களிம்பேறும். அவை தொடும் இடத்தில் மின்தடை மிகும். உதாரணமாக, 32 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும்போது தொடுமிடத்தின் தடை அரை மில்லி ஓம் எனில், அங்குத் தோன்றும் வெப்பம் அரை வாட் அளவினதே. தடை 20 மில்லி ஓமாக உயர்ந்தால் வெப்பமும் 20 வாட்டிற்கு மேலாகும். சிறியதொரு பற்றவைப்புக் கோலின் வெப்பத்திற்கு இது ஏறக்குறைய ஒப்பாகும். இவ்வெப்பத்தால் பிளாஸ்டிக் பகுதி உருகிக் கெடலாம்.

காக்கும் அமைப்புக்கள்

கார்களுக்கென அமைந்த மின்னேற்ற நிலையத்தில், பிளக்கைப் பொருத்தியவுடன் மின்சாரம் பாய்வதில்லை. முதலில் 12 வோல்ட் அளவுள்ள சைகை ஒன்று தனிக் கம்பி வழியே செல்கின்றது. பிளக் பொருந்தியதும் அது 9 வோல்ட்டாகவும், வண்டி ஆயத்தமானதும் 6 வோல்ட்டாகவும் குறைகின்றது. அதன் பின்னரே நிலையத்தின் சுவிட்சு மூடுகின்றது. அச்சைகை எர்த் கம்பி வழியே திரும்புவதால், எர்த் அறுந்திருப்பின் மின்சாரம் வாராது. மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் உயிர் காப்பதாகும். சாதாரண ஸாக்கெட்டில் ஸ்கூட்டருக்கு மின்னேற்றுவோர்க்குச் சைகையின் காவல் கிட்டாது. ஆதலின் அவர்கள் வீட்டில் இக்கருவியும் நல்ல எர்த்தும் கட்டாயம் வேண்டும்.

இரண்டு இலக்கங்கள்

மின்கருவிகளின் மீது ‘ஐ.பி.’ என்னும் எழுத்துக்களுடன் இரண்டு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலிலக்கம் தூசி முதலிய திடப்பொருள்களையும், இரண்டாவது நீரையும் தடுக்கும் ஆற்றலைக் குறிக்கும். இரண்டாவது இலக்கம் 4 எனில், எத்திசையினின்று தெறிக்கும் நீரும் கேடு செய்யாது. 7 எனில், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கினும் கேடு நேராது. மழையைத் தாங்கும் கருவி வெள்ளத்தையும் தாங்கும் என எண்ணுதல் தவறு என்பது இதனால் விளங்கும்.

உறைபனியில்

நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுகின்றது. நார்வே, லடாக் போன்ற குளிர்ப் பகுதிகளில் மூடியின் விளிம்பிலும், பிளக்கைப் பூட்டும் சிறு தண்டிலும் தங்கிய நீர் உறைந்து அவற்றை இறுகச் செய்யும். அதன்மேல் வெந்நீர் ஊற்றுதல் கூடாது; அந்நீரும் உள்ளே இறங்கி மீண்டும் உறையும். வண்டியின் உட்புறத்தைச் சூடாக்கியும், மூடியை மெல்லத் தட்டியும் பனியை நீக்கலாம். கத்தி முதலிய உலோகக் கருவிகள் ஆகா.

செய்யத்தக்கன

மழைக்காலத்தில் கூரையின் கீழ் மின்னேற்றுதல் நன்று. கேபிள் வாயிற்குக் கீழே தாழ்ந்து வளைந்து தொங்குமாறு விட்டால், அதன்வழி ஓடிவரும் நீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். பிளக்கைப் பயன்படுத்தாதபோது அதன் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பையால் இறுகச் சுற்றுதல் தகாது. உள்ளே தங்கிய ஈரம் வெளியேறாது. மூடியின் ரப்பர் விளிம்பையும், நீர் வடிவதற்கென அடியில் துளை இருப்பின் அதனையும், பிளக்கை அகற்றிய பின் மென்மையான தூரிகையால் தூய்மை செய்தல் வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி வெளியே உலர்ந்து காணப்படினும், தேர்ந்த பணியாளர் சோதிக்கும் வரை அதற்கு மின்னேற்றலாகாது. தேங்கிய நீரில் நின்றுகொண்டு பிளக்கைத் தொடுதலும் ஆகாது. ஓரிரவு மின்னேற்றம் தவறினால் மறுநாட் பயணம் மட்டுமே தடைப்படும். நீரில் நின்று தொட்டால் உயிரே போகக்கூடும்.