ஆய்வேடு எழுதாமலும் முதுகலை

“சார், தீசிஸ், நான்-தீசிஸ்னு ரெண்டு கட்டம் இருக்கு. எதை டிக் பண்ணட்டும்?”

ஒரு ஞாயிறு இரவு வாட்ஸ்அப்பில் வந்த கேள்வி இது. கேட்டவர், பத்தாம் வகுப்பு வரை என்னிடம் சமூக அறிவியல் படித்த மாணவி. குடும்பத்தின் முதல் பட்டதாரி. கல்விக்கடன் வாங்கி, அமெரிக்காவில் குற்றவியல் நீதி முதுகலையில் சேர்ந்திருந்தார். முதல் பருவம் முடிவதற்குள் படிப்புத் திட்டப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும்.

நான் யோசிக்கவே இல்லை. “ஆய்வேடுதாம்மா. அதுக்குத்தான் மதிப்பு” என்று பதில் அனுப்பிவிட்டேன். பிறகு தூக்கம் வரவில்லை. தெரியாத ஒன்றை இவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட்டோமே என்று உறுத்தியது. மறுநாள் அவருடைய துறையின் கையேட்டை அனுப்பச் சொன்னேன். இருவரும் சேர்ந்து படித்தோம். உயர்கல்விக்கு வழிகாட்டும் நம் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே பகிர்கிறேன்.

ஏன் இரண்டு வழிகள்?

காவல், நீதிமன்றம், சிறை ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிப்பது குற்றவியல் நீதி. அமெரிக்காவில் அதிபர் ஜான்சன் அமைத்த குழு, காவலர்கள் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்பதை 1967இல் இலக்காக முன்வைத்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், கல்லூரிக்குச் சென்ற காவலர்களுக்கு அரசின் நிதியுதவி கிடைத்தது. பணியில் இருப்பவர்கள் வகுப்பறைக்கு வந்தார்கள். இன்றும் இப்படிப்பில் காவலர், சிறை அலுவலர், நன்னடத்தை அலுவலர் போன்றோர் சேர்கிறார்கள். இவர்களில் பலருக்குப் புதிய ஆய்வு செய்வதைவிட, வந்த ஆய்வுகளைப் புரிந்துகொண்டு பணியில் பயன்படுத்துவதே தேவை. ஆய்வேடு இல்லாத வழி அவர்களுக்குப் பொருந்துகிறது.

என்னென்ன வழிகள்?

முதுகலைப் பட்டத்துக்குப் பொதுவாக 30 முதல் 36 கிரெடிட் வேண்டும். ஆய்வேட்டுக்குப் பெரும்பாலும் 6 கிரெடிட். அதை எழுதாதவர்களுக்குப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்து கீழ்க்கண்டவற்றில் ஒன்றோ இரண்டோ இருக்கும்.

1. விரிவுத் தேர்வு: இரண்டு ஆண்டுகளில் படித்த கோட்பாடு, ஆய்வு முறை, கொள்கை எல்லாவற்றையும் இணைத்து எழுத வேண்டும். சில இடங்களில் தேர்வறையில் சில மணி நேரம். சில இடங்களில் வீட்டில் வைத்துச் சில நாள்கள். மனப்பாடம் உதவாது.

2. நிறைவுத் திட்டம்: நடைமுறைச் சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆய்வுகளின் துணையுடன் தீர்வைப் பரிந்துரைக்கும் அறிக்கை. எடுத்துக்காட்டாக, நீதிமன்றத் தேதியை மறந்து வராமல் போகிறவர்களை எப்படி வரவைப்பது? நியூயார்க் நகரில் குறுஞ்செய்தி நினைவூட்டலால் அப்படி வராமல் போவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. இது தம் ஊருக்குப் பொருந்துமா என்று மாணவர் ஆராயலாம்.

3. களப்பயிற்சி: நன்னடத்தை அலுவலகம், பாதிக்கப்பட்டோர் உதவி மையம் போன்ற இடத்தில் குறிப்பிட்ட மணி நேரம் பணியாற்றி அறிக்கை தருவது.

4. கூடுதல் பாடங்கள்: ஆய்வேட்டின் 6 கிரெடிட்டுக்கு ஈடாக இரண்டு பாடங்கள்.

எந்த வழியில் போனாலும் ஆய்வு முறையும் புள்ளியியலும் பொதுவாகக் கட்டாயம். ‘சுலபமான வழி’ என்று நான் நினைத்தது தவறு என்பது இங்கேதான் புரிந்தது.

ஆய்வேட்டின் காலக் கணக்கு

ஆய்வேட்டுக்கு வழிகாட்டி வேண்டும், பேராசிரியர் குழு வேண்டும், வாய்மொழித் தேர்வு உண்டு. மனிதர்களிடம் தகவல் திரட்டுவதற்கு முன் நெறிமுறைக் குழுவை அணுக வேண்டும். கைதிகளுக்கும் குழந்தைகளுக்கும் அந்நாட்டு விதிகள் தனிப் பாதுகாப்பு தருகின்றன. கைதிகள் பற்றிய ஆய்வைப் பரிசீலிக்கும் குழுவில் ஒரு கைதியோ கைதிகளின் பிரதிநிதியோ இருக்க வேண்டும். இது தேவையான பாதுகாப்பு. ஆனால் அனுமதிக்கு மாதங்கள் ஆகலாம். அதனால் பலர் ஏற்கெனவே திரட்டப்பட்ட தரவுகளை வைத்து எழுதுகிறார்கள். ஆய்வேடு ஒரு பருவம் தள்ளிப்போனால் கட்டணம், வாடகை எல்லாம் கூடும். கடனில் படிக்கும் பிள்ளைக்கு அது சிறிய சுமையல்ல.

முனைவர் பட்டம் வரை போக விரும்புகிறவருக்கு இந்தக் காலம் வீணல்ல. ஆய்வேடு அவருக்கு நல்ல பயிற்சி. சேர்க்கைக்கும் வலுச் சேர்க்கும். அமெரிக்காவிலேயே வேலை தேட நினைப்பவர் இன்னொன்றையும் அறிய வேண்டும்: அங்கு மத்திய அரசின் பெரும்பாலான வேலைகளுக்குக் குடியுரிமை தேவை.

கேட்க வேண்டிய கேள்வி

எல்லாம் படித்த பிறகுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: “படிச்சு முடிச்சுட்டு என்னம்மா செய்யப்போற?”

“ஊருக்கு வந்து, வழக்குல சிக்கிக்கிட்ட பசங்களோட வேலை பார்க்கணும் சார்.”

பதில் அதிலேயே இருந்தது. வழிகாட்டிப் பேராசிரியரிடமும் கலந்து பேசி, களப்பயிற்சியுடன் கூடிய நிறைவுத் திட்டத்தை அவரே தேர்ந்தெடுத்தார். சிறார் நீதிமன்றத்துக்கு வரும் பெற்றோருக்கு நடைமுறைகளை எளிய மொழியில் விளக்குவது எப்படி என்பது அவருடைய தலைப்பு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பி.எட். படிக்கும்போது என் செயல் ஆராய்ச்சி அறிக்கையை முந்தைய ஆண்டு மாணவர் ஒருவரின் அறிக்கையைப் பார்த்துத்தான் எழுதினேன். அட்டை போட்டுப் பளபளப்பாக இருந்தது. நான் கற்றது ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட நான்தான் “ஆய்வேட்டுக்குத்தான் மதிப்பு” என்றேன்.

ஆசிரிய நண்பர்களே, நம் மாணவர்கள் இப்படிக் கேட்டால் மூன்றைக் கேளுங்கள். அடுத்து என்ன செய்யப் போகிறாய்? எவ்வளவு காலமும் பணமும் இருக்கிறது? உன் துறையின் கையேடு என்ன சொல்கிறது? பிறகு எந்தக் கட்டத்தில் டிக் செய்வது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள்.