அறிக்கை எங்கே உருவாகிறது?

கணக்கை மென்பொருளில் எழுதும் வாடிக்கையாளர்கள் பலர், அறிக்கைகளுக்கெனத் தனியே ஒரு சர்வர் வேண்டுமா, பில் போடும் மென்பொருளிலேயே உள்ள அறிக்கை போதுமா என எங்களிடம் வினவுகின்றனர். மென்பொருள் விற்போர் இதனை விலைப் பிரச்சினையாகவே பேசுவர். ரொக்கக் கடன் கணக்கு வைத்திருப்போருக்கு விலை முதற்கேள்வி அன்று.

இரண்டின் வேறுபாட்டையும் மைக்ரோசாஃப்டின் ஏற்பாட்டில் தெளிவாகக் காணலாம். 2004-இல் வெளிவந்த ரிப்போர்ட்டிங் சர்வீசஸில் அறிக்கையின் வடிவம் சர்வரில் இருக்கும். தரவைத் திரட்டி அறிக்கையாக்குவதும் சர்வரே. ரிப்போர்ட் வியூவர் என்னும் கருவியை மென்பொருளுக்குள் பதித்தால், அறிக்கைச் சர்வர் இன்றியே அந்தக் கணினியில் அறிக்கை உருவாகும். டாலியில் நாம் திரையில் காணும் சரக்கிருப்புப் பட்டியலும் இவ்வாறு உட்பொதிந்த வகையே.

தாராவியில் தோல்பை தைக்கும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். செம்பூரில் அதற்கொரு கிடங்கு, மாட்டுங்காவில் ஒரு கடை. ஜூன் 30 நிலவரப்படி சரக்கு ரூ.40 லட்சம் என்று வங்கிக்கு அறிக்கை தருகிறார் உரிமையாளர். கடனுக்கு வாங்கிய சரக்கு ஏதுமில்லை, மார்ஜின் 25 சதவீதம் என்று கொண்டால், அச்சரக்கின் மீது அவர் எடுக்கக்கூடிய தொகை ரூ.30 லட்சம். ஜூலை 10 அன்று, மழையில் நனைந்து கெட்ட ரூ.4 லட்சம் தோலை, ஜூன் 28 என்று தேதியிட்டுக் கணக்காளர் கழிக்கிறார். பதிவு சரியானதே. ஆயினும் உட்பொதிந்த அறிக்கை திறக்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்கிடுவதால், ஜூன் 30 இருப்பு இப்போது ரூ.36 லட்சம் என்று காட்டும்; வரம்பும் ரூ.27 லட்சமாகக் குறையும். வங்கியிடம் உள்ள தாளும் அவருடைய திரையும் ரூ.4 லட்சம் வேறுபடுகின்றன. சரக்குத் தணிக்கைக்கு வருபவர் கேட்கும் முதல் விளக்கம் இதுவாகவே இருக்கும்.

நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தத் தடம் கட்டாயம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை அது சொல்லும். வங்கிக்கு அளித்த நாளில் முழு அறிக்கையும் எவ்வாறிருந்தது என்பதை அப்படியே எடுத்துக்காட்டுவது அதன் வேலை அன்று. சர்வர் வகையில் அறிக்கையை நாள், நேரத்துடன் உறையவைத்துச் சேமிக்கும் வசதி உண்டு. குறித்த தேதியில் அது தானே உருவாகி மின்னஞ்சலில் செல்லவும் செய்யும்.

எனவே ஒரே இடத்தில் ஒரே கணினியில் இயங்கும் தொழிலுக்குச் சர்வர் வீண்செலவு என்பதே எங்கள் கருத்து. மாத முடிவில் அறிக்கையைப் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து, வங்கிக்கு அளித்த நகலுடன் வைத்தால் போதும். (இதனைத் தவறாமல் செய்வோர் சிலரே!) மூன்று இடங்களில் சரக்கு உள்ளபோதோ, தணிக்கையாளரும் பங்குதாரரும் தத்தம் இடத்திலிருந்து ஒரே எண்ணைக் காண வேண்டும்போதோ சர்வர் தன் செலவை ஈட்டித் தரும். 90 நாட்களைக் கடந்த வரவுகளைத் தனியே பிரிப்பது போன்ற மாற்றத்தையும் சர்வரில் ஒருமுறை செய்தால் அனைவருக்கும் பொருந்தும். உட்பொதிந்த வகையில் பெரும்பாலும் ஒவ்வொரு கணினியிலும் புதிய பதிப்பை நிறுவ நேரும்.

சர்வர் வகையில் இரண்டைக் கவனிக்க வேண்டும். யார் எந்த அறிக்கையைக் காணலாம் என்ற அனுமதியை அங்குத் தனியே அமைக்க வேண்டும். பணியை விட்டுச் சென்றவரின் பெயரை நீக்குவதும் தனி வேலை. மேலும், ரிப்போர்ட்டிங் சர்வீசஸின் 2022 பதிப்பே கடைசி. அதன் இடத்தில் பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர் வந்துவிட்டது. பழையதை மலிவாகத் தருகிறோம் என்று எவரேனும் வந்தால், ஆதரவு எந்த ஆண்டு வரை என்று எழுத்தில் கேளுங்கள்.

கணக்கு நூல்களை மின்னணு வடிவில் வைக்கும் நிறுவனங்கள், இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் அவற்றின் காப்புநகலை வைக்க வேண்டும் என்பது 2022-இல் வந்த விதி. அறிக்கை எவ்வகையினதாயினும் இதிலிருந்து விலக்கில்லை. தரைத்தளப் பட்டறையில் மேசைக்கடியில் கணினி வைத்திருப்போருக்கு, விதி இல்லாவிடினும் மும்பை மழையே போதிய காரணம்.